பழைய பெல்ட் வண்டி வாங்கும் முன்: எதை, எந்த வரிசையில் சோதிப்பது

நெல் வயலில் ரப்பர் பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரத்தை செகண்ட் ஹேண்டில் வாங்க நினைப்பவர்களுக்கான வழிகாட்டி இது. குபோட்டா, யான்மார், கிளாஸ் கிராப் டைகர் டெர்ரா டிராக் என்று எந்தக் கம்பெனி வண்டியானாலும் சோதிக்கும் வரிசை ஒன்றுதான். இங்கே பெல்ட் என்று வருவதெல்லாம் கீழே ஓடும் ரப்பர் பெல்ட். மேலே புல்லியில் சுற்றுவதை வி-பெல்ட் என்றே சொல்கிறோம்.

நல்ல மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போயும் ஏமாந்து வருகிறவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் கோட்டை விடுகிறார்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது போய் நின்றால் குளிர் ஸ்டார்ட் எப்படி என்று தெரியாது. சேறு அப்பியிருக்கும்போது குனிந்து பார்த்தால் வெல்டிங் தெரியாது. ஆயில் சூடேறும் முன்பே இறங்கிவிட்டால், வண்டியிலேயே விலை கூடிய பாகத்தின் தளர்ச்சி தெரியாமல் போய்விடும்.

1. முதலில் உங்கள் ஊரைப் பாருங்கள்

காவிரி டெல்டா மாதிரி களிமண், அறுவடை நேரத்தில் ஈரம் காயாத வயல், மழையில் சாய்ந்த பயிர் என்றால் பெல்ட் வண்டிதான் சரி. எடை அகலமான பெல்ட்டில் பரவுவதால், டயர் வண்டி புதையும் இடத்திலும் இது நகரும். மேட்டு நிலம், நன்றாகக் காய்ந்த வயல், ஊருக்கு ஊர் ரோட்டில் ஓட்டிப் போகும் வாடகைத் தொழில் என்றால் டயர் வண்டியே லாபம். பெல்ட் வண்டியைத் தார் ரோட்டில் ஓட்டினால் பெல்ட் பல் அரம் போட்டது போலத் தேயும். தூரம் போக ஒவ்வொரு முறையும் லாரி வேண்டும். அந்த வாடகையை இப்போதே கணக்கில் சேருங்கள்.

மாடலைத் தேர்ந்தெடுக்க எளிய வழி ஒன்று: உங்கள் வட்டாரத்தில் ஏற்கெனவே எந்த மாடல் அதிகம் ஓடுகிறதோ அதையே தேடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் பேரிங் ஒன்று உடைந்தால் அன்று மாலைக்குள் கையில் கிடைக்க வேண்டும். மலிவாகக் கிடைத்தது என்று ஊரில் யாரிடமும் இல்லாத மாடலை வாங்கினால், பாகம் வந்து சேர்வதற்குள் பக்கத்து வயல்காரர் வேறு வண்டியைக் கூப்பிட்டிருப்பார்.

2. போனிலேயே முடிக்க வேண்டியவை

கிளம்பும் முன் ஐந்து படங்களை வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: இன்ஜின் எண், சேஸிஸ் எண் பிளேட், இன்ஜின் ஓடிய மணி நேரம் காட்டும் அவர் மீட்டர், பெல்ட்டில் அச்சாகியிருக்கும் அளவு, முதல் வாங்கிய பில். இவற்றை அனுப்பத் தயங்குபவரிடம் நேரில் போய்ப் பேசுவதில் பலனில்லை.

கடன் நிலுவை இருக்கிறதா, அரசு மானியத்தில் வாங்கியதா என்று நேரடியாகக் கேளுங்கள். மானிய வண்டியைக் குறிப்பிட்ட காலம் வரை கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். அந்தக் கெடு முடிந்துவிட்டதா என்பதை அந்த மாவட்ட வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்த பிறகு பயணத்துக்குச் செலவு செய்யுங்கள்.

கடைசியாக, "நாங்க வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ண வேண்டாம், பெல்ட்ட மட்டும் தண்ணி அடிச்சு வைங்க" என்று சொல்லிவிடுங்கள். வண்டியை ஓட்டிப் பார்க்க ஈர வயல் ஒன்றும், முடிந்தால் அறுக்காத பயிர் கொஞ்சமும் இருக்கும் நாளைக் கேட்டு வாங்குங்கள்.

3. கையில் எடுத்துப் போக வேண்டியவை

நல்ல டார்ச், அளவு டேப், சாக்பீஸ், கடப்பாரை, வெள்ளைத் துணி இரண்டு, ஹைட்ராலிக் ஜாக், கனமான மரக்கட்டைகள், வெப்பம் அளக்கும் துப்பாக்கி, ஒரு தார்ப்பாய், சின்னத் தராசு. ஜாக்கும் கட்டையும் இல்லாமல் போனால் பெல்ட்டின் கீழ்ப்பாதியைப் பார்க்காமலேயே திரும்பி வருவீர்கள். பழுது பெரும்பாலும் அந்தப் பாதியில்தான் இருக்கும்.

4. இன்ஜின்: குளிர்ந்த நிலையில்

போனதும் முதல் வேலை, இன்ஜின் பிளாக்கில் கை வைப்பது. வெதுவெதுப்பாக இருந்தால் யாரோ முன்பே ஓட்டிவிட்டார்கள். டீ குடித்துவிட்டு வருவது போதாது, மறுநாள் காலை வருவதாகச் சொல்லுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். ஆயில் காபி நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் எது இருந்தாலும் ஹெட் கேஸ்கெட்டோ அதைவிடப் பெரிய வேலையோ காத்திருக்கிறது.

அடுத்தது, பலர் தவறவிடும் சோதனை. ஏர் கிளீனரில் இருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயைக் கழற்றி, உள்சுவரை வெள்ளைத் துணியால் துடையுங்கள். ஃபில்டரைத் தாண்டிய பக்கம் இது. துணி வெள்ளையாகவே வர வேண்டும். மஞ்சள் தூசு ஒட்டி வந்தால், கிழிந்த ஃபில்டரோடு அந்த இன்ஜின் சீசன் முழுக்க வைக்கோல் தூசைக் குடித்திருக்கிறது என்று அர்த்தம். புது ஃபில்டர் மாட்டிவைப்பது சுலபம், குழாயின் உட்புறத்தைத் துடைத்து வைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதல் அரை நிமிடம் லேசான வெள்ளைப் புகை வரலாம். சூடான பிறகும் நீலப் புகை நின்றால் ஆயில் எரிகிறது. ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி, கழற்றாமல் அப்படியே தளர்த்தி வையுங்கள். மூடி துள்ளினாலோ விட்டுவிட்டுப் புகை தள்ளினாலோ பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

அவர் மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடம் இரண்டு சீசன், சீசனுக்கு 40 நாள், நாளுக்கு 8 மணி என்றாலே 640 மணி நேரம் ஆகிறது. ஆந்திரா, கர்நாடகா என்று வெளி மாநிலம் போய்வந்த ஆறு வருட வண்டியில் 1,200 என்று காட்டினால், மீட்டர் மாற்றப்பட்டிருக்கும் அல்லது நடுவில் ஓடாமல் நின்றிருக்கும். கால் வைக்கும் ரப்பர், லீவர் குமிழ், ஏறும் படி ஆகியவற்றின் தேய்மானம் மீட்டரைவிட உண்மை பேசும்.

5. அடிப்பகுதி: பெல்ட், ஸ்ப்ராக்கெட், ரோலர்

இன்ஜினை அணைத்து, சாவியை உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். முன்னால் பயிரை வெட்டும் பகுதியான ஹெட்டரைத் தூக்கி லாக் போட்ட பிறகே கீழே குனிய வேண்டும். சிலிண்டரில் ஆயில் இருக்கிறது என்ற தைரியத்தில் லாக் போடாமல் ஹெட்டருக்கு அடியில் தலையை நீட்டுவது ஆபரேட்டர்களிடம் சகஜம். அதைப் பழகிக்கொள்ளாதீர்கள்.

பெல்ட்டில் 500×90×51 என்பது போல மூன்று எண்கள் அச்சாகியிருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது ஒரு கண்ணியில் இருந்து அடுத்த கண்ணிக்கு உள்ள தூரம், மூன்றாவது மொத்தக் கண்ணிகள். முதல் இரண்டும் மில்லிமீட்டரில். வண்டிக்கு வண்டி இது மாறும். இரண்டு பக்கமும் ஒரே அளவு, ஒரே கம்பெனியா என்று பாருங்கள். ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் பல் உயரம் வேறுபட்டு வண்டி நேராக ஓடாமல் ஒருபக்கம் இழுக்கும்.

ஒரு பக்கத்தை ஜாக்கில் தூக்கிக் கட்டை கொடுங்கள். சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு மறுபடி வரும்வரை பெல்ட்டை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பார்க்க வேண்டியவை:

- பல்லின் அடியில் குறுக்கே வெடிப்பு. மேலாக இருந்தால் வயது காரணம். விரல் நகம் இறங்கும் ஆழம் என்றால் உள்ளே இருக்கும் எஃகுக் கம்பிக்குத் தண்ணீர் போய்விட்டது.
- ஓரத்திலோ உள்பக்கத்திலோ துருப்பிடித்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது. அந்தப் பெல்ட்டை இந்தச் சீசனுக்கே நம்ப முடியாது.
- உள்பக்க இரும்புக் கட்டைகளில் ஒன்று கழன்று விழுந்த இடம். ஒன்று போனால், பெல்ட்டைச் சுற்றும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட் அங்கே தாவும். தாவும் ஒவ்வொரு முறையும் பக்கத்துக் கட்டைக்கு அடி விழும்.

அடுத்து டேப்பை எடுத்துப் பத்துக் கண்ணியின் நீளத்தை அளங்கள். கண்ணிக்குக் கண்ணி தூரம் 90 என்றால் சரியாக 900 மில்லிமீட்டர் வர வேண்டும். கூடினால் பெல்ட் நீளத் தொடங்கிவிட்டது. பெல்ட்டை இறுக்கும் இழுவை போல்ட்டையும் பாருங்கள்: மரையெல்லாம் வெளியே வந்து, இனி இறுக்க இடமில்லாமல் நின்றால் அதுவும் அதே செய்திதான்.

ஸ்ப்ராக்கெட் பல் இருபக்கமும் ஒரே சரிவாக இருக்க வேண்டும். அரிவாள் மூக்கு போல ஒருபக்கம் வளைந்திருந்தால் தேய்ந்துவிட்டது. விற்பவர் "புது பெல்ட் போட்டிருக்கு" என்று பெருமையாகக் காட்டும் வண்டியில் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் மாட்டிய புது பெல்ட்டின் இரும்புக் கட்டைகள் சீக்கிரமே அடிவாங்கித் தளர்ந்துவிடும்.

ரோலர் ஒவ்வொன்றையும் கையால் சுற்றுங்கள், பிறகு கடப்பாரையால் நெம்பி ஆட்டிப் பாருங்கள். சத்தமில்லாமல் சுற்ற வேண்டும், பக்கவாட்டில் ஆடக் கூடாது. நெல் வயல் சேறு ஆயில் சீலுக்குள் புகுந்துவிட்டால் முதலில் கிரீஸ் வெளியேறும், பிறகு பேரிங் போகும், கடைசியில் ரோலர் சுற்றாமல் நின்று பெல்ட்டின் மேல் உராய்ந்து ஒருபக்கம் தட்டையாகும். தட்டை விழுந்த ரோலர் ஒன்றைக் கண்டால், அந்த வண்டிக்கு தினசரி பராமரிப்பு இருந்ததில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, ரோலர் தாங்கும் பிரேம். மூலைகளிலும் ரோலர் பொருந்தும் இடங்களிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய வெல்டிங் இருந்தால் மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தால் உரிமையாளர் முன்யோசனையாகப் பலப்படுத்தியிருக்கலாம். ஒருபக்கம் மட்டும் என்றால் அங்கே பிரேம் விட்டுப்போனது.

6. எச்.எஸ்.டி.: சூடேறிய பிறகு

ஆயில் அழுத்தத்தால் வண்டியை நகர்த்தும் பம்ப், மோட்டார் ஜோடிதான் எச்.எஸ்.டி. லீவரை முன்னே தள்ளினால் போகும், பின்னே இழுத்தால் வரும். உள்ளே தேய்மானம் ஏறினால் ஆயில் உள்ளுக்குள்ளேயே கசிந்து இழுவை குறையும். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் காலையில் இந்தக் கசிவு தெரியாது. மதியம் ஆயில் இளகிய பிறகு, அதுவும் நெல் டேங்க் நிறைந்து வண்டி சேற்றில் நிற்கும்போதுதான் வெளிப்படும்.

ஆகவே இரண்டு முறை அளக்க வேண்டும். வயலுக்கு ஏறும் சரிவில் இரண்டு குச்சி நட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த நிலையில் குறிப்பிட்ட ஆர்.பி.எம்., லீவரின் குறிப்பிட்ட இடம், இவற்றோடு ஏறவிட்டு நேரத்தைப் போனில் குறியுங்கள். பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் வயலில் வேலை செய்யவிடுங்கள். அதே சரிவு, அதே ஆர்.பி.எம்., அதே லீவர், அதே எடையில் மறுபடி ஏற்றுங்கள். ஒன்றிரண்டு விநாடி கூடினால் பரவாயில்லை. 20 விநாடி 27 ஆனால், அல்லது நடுச்சரிவில் நிறுத்திக் கிளப்பும்போது திணறினால், விலையை மறுபடி பேச வேண்டியிருக்கும், இல்லையென்றால் கிளம்ப வேண்டியிருக்கும்.

ஆனால் உடனே எச்.எஸ்.டி. போச்சு என்று தீர்ப்பு எழுத வேண்டாம். இன்ஜினில் இருந்து எச்.எஸ்.டி.க்குச் சக்தி கொண்டுபோகும் வி-பெல்ட் வழுக்கினாலும் இதே அறிகுறிதான். ஆயில் குறைவு, அடைத்த ஃபில்டர் என்றாலும் இதேதான். வி-பெல்ட்டின் ஓரம் பளபளத்து, ரப்பர் கருகிய வாசனை வந்தால் முதல் சந்தேகம் அதன்மேல். "ஃபில்டர் மாத்துனா சரியாயிடும் சார்" என்று விற்பவர் சொன்னால், "மாத்திட்டுக் கூப்பிடுங்க, வந்து பாக்குறோம்" என்பதுதான் பதில். மாற்றுவது சில மணி நேர வேலை.

நியூட்ரலில் வண்டி தானாக ஊர்கிறதா, லோடில் ஊளையிடுவது போன்ற சத்தம் கூடுகிறதா என்று கவனியுங்கள். ஆயில் ஃபில்டரைக் கழற்ற அனுமதித்தால் உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். ஜரிகைத் தூள் மாதிரி மின்னினால் உள்ளே உலோகம் உரசுகிறது.

திருப்பத்தை ஈர வயலில்தான் சோதிக்க வேண்டும். இடப்பக்கம் ஐந்து முறை, வலப்பக்கம் ஐந்து முறை திருப்பச் சொல்லுங்கள். ஒருபக்கம் சட்டென்று திரும்பி, மறுபக்கம் தாமதித்துத் திரும்பினால் அந்தப் பக்க சைடு கிளட்சோ பிரேக் தட்டோ தேய்ந்திருக்கிறது. காய்ந்த களத்தில் சுற்றிக் காட்டினால் இந்த வித்தியாசம் மழுங்கிவிடும்.

7. கட்டரில் இருந்து டேங்க் வரை

மறுபடி இன்ஜினை அணைத்து, பயிர் உள்ளே போகும் வழியிலேயே நீங்களும் போங்கள். கட்டர் பிளேடு, ஃபிங்கர், ரீல் முள் எல்லாம் மலிவான தேய்பொருட்கள். எண்ணிக் குறித்துக்கொண்டு நகருங்கள், அவற்றுக்காக வண்டியை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. கட்டரை ஆட்டும் தலைப்பகுதியில் லூஸ் இருக்கிறதா என்பது முக்கியம், ஏனென்றால் அந்த ஆட்டம் ஹெட்டர் பிரேமையே விரிசல் விடவைக்கும்.

ஹெட்டர் அடித்தகடும், பயிரை உள்ளே கொண்டுபோகும் ஃபீடரின் அடித்தகடும் நெல் உமியின் உராய்வில் காகிதம் போல மெலியும். கீழிருந்து சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, தகர டப்பா சத்தம் வந்தால் தகடு மெலிந்துவிட்டது.

கதிரில் இருந்து நெல்லை அடித்துப் பிரிக்கும் டிரம்மின் மூடியைத் திறந்தால் பற்கள் தெரியும். பயிரை எதிர்கொள்ளும் பக்கம் முதலில் தேயும். சில பற்களை மட்டும் வெல்டிங் வைத்து உயர்த்தியிருந்தால் டிரம்மின் சமநிலை போயிருக்கும். வேகமாகச் சுற்றும்போது சீட்டில் உட்காருபவரின் முதுகுக்கே அது தெரியும். கீழே இருக்கும் சல்லடையில் கம்பி வளைந்தோ விலகியோ இருந்தால் கல் அடித்திருக்கிறது.

நெல்லை மேலே ஏற்றும் ஆகர் திருகின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள், பிளேடு போலக் கூர்மையாக இருந்தால் மிகவும் தேய்ந்துவிட்டது. அதற்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி கூடினால் நெல் அங்கே அரைபட்டு அரிசியாக வரும்.

ஒரு மணி நேரம் ஓட்டிய சூடு ஆறும் முன், வெளியே தெரியும் பேரிங் ஒவ்வொன்றையும் வெப்பத் துப்பாக்கியால் பாருங்கள். ஒரே தண்டின் இரண்டு முனைகளை ஒப்பிடுங்கள். ஒன்று 50 டிகிரி, மற்றது 80 டிகிரி என்றால் சூடான பேரிங் அடுத்த சீசனைத் தாண்டாது.

8. நெல் எவ்வளவு வீணாகிறது

பார்வைக்கு நன்றாக அறுக்கும் வண்டிதான் வைக்கோலோடு நெல்லைக் கொட்டிக்கொண்டு போகும். காய்ந்த பகுதியில் 10 மீட்டர் நீளம் அறுக்கவிடுங்கள். வெட்டு அகலம் 2 மீட்டர் என்றால் இது 20 சதுர மீட்டர். வண்டி தள்ளிப் போய் நின்ற பிறகு, அந்த நீளத்தில் விழுந்த வைக்கோலைத் தார்ப்பாயில் உதறி, தரையில் கிடப்பதையும் பொறுக்கி, பதரை ஊதிவிட்டு நல்ல மணியை மட்டும் நிறுங்கள்.

சதுர மீட்டருக்கு 1 கிராம் என்றால் ஏக்கருக்குச் சுமார் 4 கிலோ. உங்களுக்கு 100 கிராம் கிடைத்தால் சதுர மீட்டருக்கு 5 கிராம், ஏக்கருக்கு 20 கிலோ. ஏக்கருக்கு 2,400 கிலோ விளையும் வயலில் இது ஒரு சதவீதத்துக்கும் கீழே. குறை சொல்ல முடியாது. 60, 80 கிலோ என்று வந்தால் முதலில் ஆபரேட்டரை வேகம் குறைக்கச் சொல்லி மறுபடி அளங்கள். வேகம் குறைத்தும் குறையாவிட்டால் டிரம், சல்லடை, புளோயர் இவற்றில் பழுது. அறுக்கும் முன்பே உதிர்ந்து கிடந்த மணியைக் கழிக்க மறக்காதீர்கள். முற்றிய பயிரில் அதுவே கணிசமாக இருக்கும்.

டேங்கில் இருந்து ஒரு பிடி அள்ளி 100 மணி எண்ணுங்கள். உமி உரிந்ததும் உடைந்ததும் எத்தனை என்று பார்த்தால் டிரம், ஆகர் இரண்டின் நிலையும் தெரிந்துவிடும்.

9. காகிதங்கள்

இன்ஜின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் மேலே காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்து எடுங்கள். பில்லில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாகச் சரிபாருங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கியோ ஃபைனான்ஸோ கொடுக்கும் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) அசல் வேண்டும், "கடைசி டியூ கட்டியாச்சு" என்ற வாய்ப்பேச்சு போதாது. ஆர்.சி. இருக்கும் வண்டிக்குப் பெயர் மாற்றப் படிவம் 29, 30, கடன் பதிவு நீக்கப் படிவம் 35 மூன்றிலும் கையெழுத்து வாங்கிய பிறகே முழுப்பணம்.

ஒப்பந்தத்தில் அன்றைய அவர் மீட்டர் அளவு, இன்ஜின் எண், கூடவே தரும் உதிரி பாகங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். பார்க்கும்போது வண்டியில் இருந்த நல்ல பேட்டரி, ஏற்றும்போது காணாமல் போவது இந்தத் தொழிலில் புதிதல்ல.

10. விலை பேசுவது

குறித்து வைத்த பழுதுகளின் பட்டியலோடு பாகக் கடைக்குப் போன் போட்டு அன்றைய விலையைக் கேளுங்கள். மெக்கானிக் கூலி, லாரி வாடகை, ஆயில், ஃபில்டர் எல்லாம் கூட்டுங்கள். இதையும் விற்பவர் கேட்கும் விலையையும் சேர்த்தால் வருவதுதான் வண்டியின் விலை. அதை இதே மாடலில் நல்ல நிலையில் உள்ள இன்னொரு வண்டியோடு ஒப்பிடுங்கள். மலிவு என்று நினைத்தது பல சமயம் அங்கேயே கரைந்துவிடும்.

சம்பா, தாளடி முடிந்த ஏப்ரல், மே மாதங்களில் விலை படியும். டிசம்பர் கடைசியில் தேடினால் கேட்ட விலைதான், சோதிக்கவும் நேரம் தரமாட்டார்கள். வி-பெல்ட், ஆயில், ஃபில்டர் சரியாக இருந்தும் சூட்டில் இழுக்காத எச்.எஸ்.டி., பிளந்த பிரேம், தண்ணீர் கலந்த இன்ஜின் ஆயில், எண் பொருந்தாத காகிதம் ஆகிய நான்கில் எது இருந்தாலும் விலை குறைப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

11. ஏற்றி வந்து, வயலில் இறக்கும் வரை

லாரியில் ஏற்றும்போது டேங்க் காலியாக, ஹெட்டர் தூக்கியபடி இருக்கட்டும். பலகையில் ஏறத் தொடங்கிய பிறகு திருப்பும் லீவரைத் தொடக் கூடாது. ஒருபக்க பெல்ட் நின்று வண்டி பலகையில் இருந்து சரிந்துவிடும். கோணல் தெரிந்தால் முழுவதும் கீழே இறக்கி, நேராக்கி மறுபடி ஏற்றுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இன்ஜின் ஆயில், எச்.எஸ்.டி. ஆயில், எல்லா ஃபில்டர்களையும் மாற்றுங்கள். முன்பு எப்போது மாற்றியது என்று விற்பவர் சொல்லும் தேதியை விட்டுவிட்டு, உங்கள் கணக்கை இந்த நாளில் தொடங்குங்கள். வயரிங்கை நுனி முதல் நுனி வரை பாருங்கள், நிறுத்தி வைத்த வண்டியில் எலி கடித்த ஒயர் எங்காவது இருக்கலாம். முதல் பத்து மணி நேரம் ஓடிய பிறகு பெல்ட், வி-பெல்ட் இரண்டின் இழுவையையும் மறுபடி சரிபாருங்கள்.

ஃபீடர், ஆகர் அடி மூடிகள், டேங்க் மூலைகள் எல்லாவற்றையும் திறந்து காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். வண்டி கடைசியாக எந்த ஊரில் எந்த ரகம் அறுத்ததோ, அந்த நெல்லும் அதோடு வந்த களை விதையும் அங்கே தங்கியிருக்கும். விதை நெல்லுக்கு விட்டிருக்கும் வயலில் மட்டும் முதலில் இறக்காதீர்கள். வேறு வயலில் இரண்டு டேங்க் அறுத்துக் கொட்டிய பிறகு அங்கே போகலாம்.